இரண்டு ஆட்சிகளைக் கடக்கும் சாலை: புதுக்கோட்டையிலிருந்து கட்டுமாவடி வரை

1947 ஆகஸ்ட் 15 அன்று கட்டுமாவடியில் ஆட்சி மாறிய விதம் வேறு, அங்கிருந்து மேற்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள புதுக்கோட்டை நகரில் மாறிய விதம் வேறு. கட்டுமாவடி அன்று தஞ்சாவூர் மாவட்டத்தின் கடற்கரைக் கிராமம். சென்னை மாகாண அரசின் கீழ், அதாவது பிரிட்டிஷாரின் நேரடி ஆட்சியில் இருந்தது. புதுக்கோட்டையோ தொண்டைமான்களின் சமஸ்தானம். இந்தியாவுடன் இணைவதாக மன்னர் ஒப்பமிட்டிருந்தாலும் உள்நாட்டு ஆட்சியதிகாரம் அவரிடமே இருந்தது. 1948 மார்ச் 3இல்தான் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. இரண்டு ஊர்களும் ஒரே மாவட்டத்துக்குள் வந்தது 1974 ஜனவரி 14இல்.

ஆகவே புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி வழியாகக் கட்டுமாவடிக்குப் போகும் சாலை இரண்டு பழைய ஆட்சிகளின் நிலத்தைக் கடக்கிறது. மேற்குப் பாதியில் மன்னர், திவான், தர்பார் அலுவலர்கள். கிழக்குப் பாதியில் கலெக்டர், தாசில்தார், பட்டாமணியார், கணக்குப்பிள்ளை. விடுதலைக்குப் பின் இவர்களில் யாருடைய வாக்குரிமையும் பறிக்கப்படவில்லை. பழைய ஆட்சியில் பதவி வகித்தார் என்ற காரணத்துக்காக யாரும் தேர்தலில் நிற்கத் தடை செய்யப்படவுமில்லை. விடுதலை பெற்ற நாடுகள் எல்லாம் இப்படி நடந்துகொள்ளவில்லை. இந்தியா எதை விட்டுவைத்தது, எதைப் பறித்தது, அதற்கு எத்தனை காலம் எடுத்துக்கொண்டது என்பதற்கெல்லாம் இந்தச் சாலையிலேயே சான்றுகள் கிடைக்கின்றன.

பயணம் புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தொடங்குவது பொருத்தம். அது மன்னர் ராஜகோபாலத் தொண்டைமான் வாழ்ந்த புதிய அரண்மனை. புது மாவட்டம் உருவானபோது அந்த மாளிகை அரசு அலுவலகமாயிற்று. மனு கொடுக்க வரும் குடியானவர் இன்று ஏறும் படிகள் ஒரு காலத்தில் மன்னர் மாளிகையின் படிகள்.

ராஜகோபாலத் தொண்டைமான் 1922இல் பிறந்தவர். ஆறு வயதில் அரியணை ஏறினார். அவருக்கு முன்னிருந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். அந்த மணத்தில் பிறந்த மகனை வாரிசாக ஏற்கப் பிரிட்டிஷார் மறுத்தனர். மன்னர் வெளிநாட்டிலேயே தங்கி 1928இல் பாரிஸில் இறந்தார். இளைய மன்னருக்கு வயது வரும்வரை நிர்வாகம் பிறர் கையில் இருந்தது. 1934 முதல் 1946இல் இறக்கும்வரை அதைத் தலைமை தாங்கி நடத்தியவர் அலெக்சாண்டர் டாட்டன்ஹாம் என்ற ஓய்வுபெற்ற ஐ.சி.எஸ். அதிகாரி. கிழக்கே தஞ்சாவூர் மாவட்டத்தை ஆண்ட அதே ஐ.சி.எஸ். வர்க்கத்திலிருந்துதான் சமஸ்தானத்தின் ஆட்சித் தலைவரும் வந்தார். வரைபடத்தில் இரண்டு நிறங்களாகத் தெரிந்த இரு பகுதிகளும் உள்ளே ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன.

சமஸ்தானம் இணைந்த நாளில் சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர் சர் ஆர்ச்சிபால்ட் நை, பிரிட்டிஷ் ராணுவத் தளபதி. விடுதலைக்கு முன் வந்தவர் 1948 செப்டம்பர் வரை அப்பதவியில் நீடித்தார். மாகாணப் பிரதமர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். நூற்றாண்டுகள் பழைய தமிழ் அரசொன்றை ஒரு குடியானவக் குடும்பத்துக் காங்கிரஸ்காரரின் அரசு ஏற்றுக்கொண்டபோது மேலே ஆளுநர் நாற்காலியில் ஆங்கிலேயர் இருந்தார். பழைய ஆட்சியாளர்களை வெளியே தள்ளாமல் புதிய நாடு தொடங்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இணைப்பு ஒப்பந்தங்கள் இந்தியா முழுவதும் ஏறக்குறைய ஒரே வடிவத்தில் இருந்தன. மன்னர் ஆட்சியதிகாரம் முழுவதையும் விட்டுக்கொடுப்பார். பதிலுக்கு அவருடைய சொந்தச் சொத்து, பட்டம், மரியாதைகள் காக்கப்படும். ஆண்டுதோறும் வரியில்லாத மன்னர் மானியம் வழங்கப்படும். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு 291ஆம் பிரிவில் மானியத்துக்கும் 362ஆம் பிரிவில் மற்றச் சலுகைகளுக்கும் உறுதி தந்தது. அரசியல் உரிமையைக் குறைக்கும் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. 326ஆம் பிரிவு தந்த வயதுவந்தோர் வாக்குரிமை மன்னருக்கும் உண்டு, அவருடைய குதிரைக்காரருக்கும் உண்டு. மன்னருக்கு நேர்ந்த மாற்றம் அந்தச் சமத்துவத்தில்தான் இருந்தது. அதன் வலிமையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

வாக்குப்பெட்டி தன் வேலையை உடனே செய்தது. முதல் பொதுத் தேர்தலில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியில் வென்றவர் கே. முத்துசாமி வல்லத்தரசு. சமஸ்தான ஆட்சியை எதிர்த்துப் போராடிய வழக்கறிஞர். அவர் நின்றது காங்கிரஸ் சார்பிலும் அல்ல, கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் சார்பில். தர்பாரின் எதிரி டில்லிக்குப் போக, தர்பாரைத் தடை செய்ய வேண்டிய தேவையே எழவில்லை. பின்னாளில் தொண்டைமான் குடும்பத்தாரும் மக்களிடம் வாக்குக் கேட்டு வந்தனர். சாருபாலா தொண்டைமான் திருச்சிராப்பள்ளி மாநகராட்சியின் மேயராக இருந்தார். கார்த்திக் தொண்டைமான் 2012 இடைத்தேர்தலில் புதுக்கோட்டைச் சட்டமன்ற உறுப்பினரானார், 2016இல் தோற்றார். வெற்றியும் தோல்வியும் வாக்காளர் கையில்.

புதுக்கோட்டை மட்டும் இப்படி இல்லை. விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சர் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர், பிரிட்டிஷ் அரசின் சர் பட்டம் பெற்றவர். காஷ்மீர் மன்னரின் பிரதமராக இருந்த என். கோபாலசாமி ஐயங்கார், அரசியலமைப்பு வரைவுக் குழுவில் அமர்ந்தார், நேருவின் அமைச்சரவையிலும் இடம்பெற்றார். 1936இல் நீதிக்கட்சியின் சார்பில் சென்னை மாகாணப் பிரதமராக இருந்த பி.டி. ராஜன் 1952இல் கம்பம் தொகுதியிலிருந்து சட்டமன்றம் வந்தார். ராமநாதபுரம் சேதுபதி சண்முக ராஜேஸ்வரர் அதே தேர்தலில் சுயேச்சையாக வென்றார். 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் அவருடைய ஜமீனை எடுத்துக்கொண்டது, வாக்கை எடுக்கவில்லை.

இவர்களில் திருவாங்கூர் திவான் சி.பி. ராமசாமி ஐயரின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. 1947இல் திருவாங்கூர் தனிநாடாகும் என்று அறிவித்தவர் அவர். அந்த ஜூலையில் அவர்மேல் கொலைத் தாக்குதல் நடந்தது, பதவியை விட்டு வெளியேறினார். புதிய இந்தியா அவரை ஒதுக்கவில்லை. பல்கலைக்கழகத் துணைவேந்தராக அமர்த்தியது. அறுபதுகளின் தொடக்கத்தில் தேசிய ஒருமைப்பாடு பற்றிய குழுவுக்குத் தலைவராகவும் ஆக்கியது. அந்தக் குழுவின் பரிந்துரையில்தான் 1963இல் 16ஆம் திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்போர் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று அது விதித்தது. அதே ஆண்டு திராவிட முன்னேற்றக் கழகம் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. பழைய ஆட்சியின் அதிகாரிகளுக்கு எந்தத் தடையும் விதிக்காத நாடு, பிரிவினை கேட்டோருக்கு ஒரு வாசலை மூடியது. மூடும்படி சொன்ன குழுவின் தலைவர் ஒரு காலத்தில் பிரிவினையை அறிவித்தவர். அவர் மனம் மாறியதற்கு நாடு இடம் கொடுத்தது. அந்த இடம் மற்றவர்க்கும் உரியது என்பதைத் தமிழர் மறக்கலாகாது.

மன்னர்களுடைய சலுகைகளின் கணக்கு முடியக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1967 தேர்தலில் முன்னாள் மன்னர்கள் பலர் சுதந்திரா, ஜனசங்கம் போன்ற எதிர்க்கட்சிகளின் பக்கம் நின்றனர். அதன் பிறகு காங்கிரஸ் மானிய ஒழிப்பில் உறுதியாயிற்று. 1970 செப்டம்பரில் திருத்த மசோதா மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் ஆதரவு 149, எதிர்ப்பு 75. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்குக்கும் குறைவான பின்னம் போதாமல் அது வீழ்ந்தது. மறுநாளே குடியரசுத் தலைவர் வி.வி. கிரியின் ஆணையால் மன்னர்களின் அங்கீகாரம் ரத்தானது. மாதவராவ் சிந்தியா தொடுத்த வழக்கில் டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றது. 1971 டிசம்பரில் 26ஆம் திருத்தம் 291, 362 இரண்டையும் நீக்கியது. மன்னர் என்ற பட்டம் சட்டத்திலிருந்து அழிந்தது. அப்போதும் அவர்களுடைய வாக்கும் வேட்பாளர் உரிமையும் தொடப்படவில்லை. இந்த எல்லைக்கோடு சரியான இடத்தில் போடப்பட்டது. சலுகை என்பது மற்றவரிடமிருந்து எடுத்துத் தரப்பட்டது, அதைத் திரும்ப எடுக்கலாம். வாக்கு அப்படி யாரும் யாருக்கும் தந்ததல்ல.

புதுக்கோட்டையை விட்டுக் கிழக்கே போகும் பேருந்து வறண்ட செம்மண்ணையும் கண்மாய்களையும் கடந்து அறந்தாங்கியை அடைகிறது. இங்கே சமஸ்தானம் முடிந்து பழைய தஞ்சாவூர் மாவட்டம் தொடங்கிவிடுகிறது. கல்லணைக் கால்வாயின் கடைமடை இந்த வட்டாரம். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் வயல்கள். இந்தப் பகுதியில் பழைய ஆட்சி என்றால் மன்னர் இல்லை, அதிகாரிதான்.

மேலிருந்த அதிகாரிகளைக் காத்தவர் சர்தார் படேல். ஐ.சி.எஸ். அதிகாரிகளின் சம்பளமும் பணி நிபந்தனைகளும் மாறாமல் தொடரும் என்ற உறுதியை அரசியலமைப்பில் எழுத அவர் முயன்றபோது, அரசியல் நிர்ணய சபையில் எதிர்ப்பு எழுந்தது. சென்னை மாகாணத்தைச் சேர்ந்த எம். அனந்தசயனம் ஐயங்காரும் எதிர்த்தோரில் ஒருவர். காங்கிரஸ்காரர்களைச் சிறையில் அடைத்த கைகளுக்கே காப்பு எதற்கு என்ற கேள்வி பலரிடமும் இருந்தது, அது நியாயமான கேள்வி. 1949 அக்டோபர் 10 அன்று படேல் கடுமையாகப் பதில் சொன்னார். பிரிவினையின் ரத்தத்துக்கு நடுவே நாட்டைத் தாங்கியவர்கள் இவர்கள், கொடுத்த வாக்கைக் காக்காவிட்டால் நாடு சிதறும் என்பது அவர் வாதத்தின் சாரம். அந்த உறுதி 314ஆம் பிரிவாயிற்று. 1972இல் 28ஆம் திருத்தம் அதை நீக்கியது.

இதே அளவுகோல் இந்திய தேசிய ராணுவத்தாருக்குக் கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்து விலகி நேதாஜியின் படையில் சேர்ந்த வீரர்கள் விடுதலைக்குப் பின் இந்திய ராணுவத்தில் மீண்டும் சேர்க்கப்படவில்லை. மலேயா, பர்மாத் தோட்டங்களிலிருந்து அந்தப் படைக்குப் போன தமிழர் பலர். அவர்களுக்கும் சேர்த்து விடுதலைப் போராட்ட ஓய்வூதியத் திட்டம் வந்தது 1972இல். பிரிட்டிஷாருக்குப் பணி செய்தவரின் ஓய்வூதியம் ஒரு நாளும் தடைபடாதபோது, அவர்களை எதிர்த்துத் துப்பாக்கி எடுத்தவர் 25 ஆண்டு காத்திருந்தார். பழைய அதிகாரிகளை மன்னித்தது பெருந்தன்மை. அவர்களை எதிர்த்தவர்களைக் காக்க வைத்தது பெருந்தவறு. முன்னதைப் புகழ்வோர் பின்னதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அறந்தாங்கிக்குக் கிழக்கே நிலம் தாழ்கிறது. தென்னந்தோப்புகள் தொடங்குகின்றன. காற்றில் உப்பு ஏறுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொடும் இடத்தில் கட்டுமாவடி. தஞ்சாவூர் மாவட்ட எல்லையை ஒட்டிய ஊர் என்பதால் இரு மாவட்டத்து வியாபாரிகளும் இங்கே வருகிறார்கள். மீன், நண்டு, இறால் ஏலத்துக்குப் பேர்பெற்ற சந்தை. எதிரே பாக் நீரிணை. அலை ஓங்காத, ஆழமில்லாத, சேற்றுக் கடல்.

இத்தகைய ஊரில் 1947க்கு முன் அரசு என்றால் கலெக்டர் அல்ல. வரி வசூலிக்கும் பட்டாமணியாரும் நிலக்கணக்கை வைத்திருக்கும் கணக்குப்பிள்ளையும்தான் அரசு. பதவி பெரும்பாலும் ஒரே குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக நின்றது. அடங்கல் யாருடைய பெயரில் எழுதப்படும், பட்டா யாருக்கு மாறும் என்பதை அந்தக் குடும்பம் தீர்மானித்தது. கோட்டையில் கொடி மாறியபோதும் காங்கிரஸ் போய் 1967இல் தி.மு.க. வந்தபோதும் கிராமத்தில் இந்த அமைப்பு பெரிதும் அசையவில்லை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் ஒன்றால் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒரே நாளில் ஒழித்தது. உச்ச நீதிமன்றம் 1982இல் அதைச் செல்லும் என்றது. போட்டித் தேர்வு வழியாக நியமிக்கப்படும் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பிரிட்டிஷ் ஆட்சியின் கடைசி அதிகாரிகள் கட்டுமாவடி போன்ற ஊர்களிலிருந்து வெளியேறியது உண்மையில் 1980இல்தான். அப்போதும் பறிக்கப்பட்டது பதவி மட்டுமே. முன்னாள் பட்டாமணியார்களுக்குத் தேர்தலில் நிற்கத் தடை ஏதும் இல்லை. தமிழ்நாட்டின் நிர்வாக வரலாற்றில் மன்னர் மானிய ஒழிப்பைவிட இது மக்கள் வாழ்க்கையை அதிகமாக மாற்றியது. அதற்குரிய இடத்தைப் பாடநூல்கள் இன்னும் தரவில்லை.

தோற்றவரைப் புதிய ஆட்சி வேறு விதமாகவும் நடத்தலாம் என்பதை இதே வட்டாரம் அதற்கு முன்பே பார்த்திருக்கிறது. 1799இல் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் பிடித்துக் கொடுத்த கட்டபொம்மனைக் கிழக்கிந்தியக் கும்பினியார் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டில் சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட 73 பேரைப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. பணிந்தவர்க்குக் கிடைத்தது வேறு. கட்டுமாவடியிலிருந்து வடக்கே சேதுபாவாசத்திரம் தாண்டினால் சரபேந்திரராஜன்பட்டினத்தில் மனோரா நிற்கிறது. நெப்போலியனைப் பிரிட்டிஷார் வென்றதைக் கொண்டாடித் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பிய அறுகோண வடிவ எட்டு நிலைக் கோபுரம். அதிகாரம் ஏதுமில்லாத மன்னரின் விசுவாசக் கட்டடம். அந்த விசுவாசமும் அவர் குடும்பத்தைக் காக்கவில்லை. 1855இல் ஆண் வாரிசு இல்லாமல் மகன் சிவாஜி இறந்ததும் பட்டத்தையே கும்பினி ஒழித்தது.

இருபதாம் நூற்றாண்டில் விடுதலை பெற்ற பல நாடுகள் தூக்குக்கும் மன்னிப்புக்கும் நடுவே மூன்றாவது வழியொன்றைத் தேடின. அதுதான் அரசியல் உரிமைத் தடை. வங்கதேசம் 1972இல் பாகிஸ்தானுடன் ஒத்துழைத்தோரை விசாரிக்கத் தனி நீதிமன்ற ஆணை பிறப்பித்தது. அதன் கீழ் தண்டனை பெற்றவர் நாடாளுமன்றத்துக்கு நிற்க முடியாது என்று அரசியலமைப்பிலும் எழுதியது. 1973 நவம்பரில் கொலை, வன்புணர்வு, தீவைப்பு போன்ற கொடுங்குற்றம் சாராதோருக்குப் பொதுமன்னிப்பு வந்தது. 1975 முடிவில் ஆணையே ரத்தானது. சோவியத்திலிருந்து 1991இல் விடுபட்ட லாட்வியா, கே.ஜி.பி. ஊழியராக இருந்தோரையும் 1991 ஜனவரி 13க்குப் பிறகும் கம்யூனிஸ்ட் கட்சியில் தீவிரமாக இயங்கியோரையும் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கவிடவில்லை. அப்படித் தடுக்கப்பட்ட டாட்டியானா ஜ்தானோகா தொடுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2006இல் அந்தத் தடையை ஏற்றது. நாட்டின் நிலை மாற மாற, தடையை மறுபடி மறுபடி ஆராய வேண்டும் என்றும் சொன்னது. சிறிய நாடு, பெரிய அண்டை நாடு, சில ஆண்டுகளுக்கு முன்புதான் வீதியில் ரத்தம் என்ற நிலையில் லாட்வியாவின் அச்சத்துக்குக் காரணம் உண்டு. பாகிஸ்தானில் அந்தக் காரணமும் இல்லை. அயூப்கான் 1959இல் பிறப்பித்த ஆணை தன் எதிரிகளான அரசியல்வாதிகளை 1966 முடிவுவரை தேர்தலிலிருந்து விலக்கி வைத்தது. கருவி ஒன்றுதான். யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது யார்மேல் பாயும் என்பது மாறுகிறது.

கட்டுமாவடியின் கரைக்கு எதிரே, நீரிணைக்கு அப்பால் இருக்கும் இலங்கையில் இது இருமுறை நடந்தது. பிந்தியதை முதலில் சொல்லலாம். 1980 அக்டோபரில் ஜே.ஆர். ஜெயவர்தனவின் அரசு, முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகளை ஏழாண்டுகளுக்குப் பறித்து, நாடாளுமன்றத்திலிருந்தும் நீக்கியது. 1982 அதிபர் தேர்தலில் ஜெயவர்தன தம் வலிமையான போட்டியாளர் இல்லாமலே நின்று வென்றார். சிறிமாவோவின் உரிமை 1986இல் மன்னிப்பின் பேரில் திரும்பியது.

முந்தியது அதைவிடக் கொடியது. 1948 பிப்ரவரியில் இலங்கை விடுதலை பெற்றது. பழைய ஆட்சியின் அதிகாரிகளும் அவர்களோடு இருந்த மேட்டுக்குடியினரும் புதிய ஆட்சியில் இடம்பெற்றார்கள். அரசியல் உரிமையை இழந்தவர்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர், ராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி ஊர்களிலிருந்து தலைமுறைகளுக்கு முன் போன தமிழர்கள். 1947 தேர்தலில் அவர்களுடைய வாக்கால் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றிருந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் அந்த வாக்கை அழித்தன. 1952 தேர்தலில் அவர்கள் சார்பில் ஒருவரும் நாடாளுமன்றம் போகவில்லை. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஒரு வகுப்பாரை மொத்தமாகக் குற்றவாளியாக்கி வாக்கைப் பறிக்கும் சட்டம், தப்பிக்க வழியுள்ள அதிகாரியை அரிதாகவே பிடிக்கிறது, வழியில்லாத உழைப்பாளியைத் தவறாமல் பிடிக்கிறது. குற்றம் செய்த அதிகாரியை நீதிமன்றத்தில் விசாரிக்கலாம். சலுகை பெற்றவரிடமிருந்து சலுகையை எடுக்கலாம். வாக்கைத் தொடக் கூடாது. 1947க்குப் பின் இந்தியா எடுத்த அந்த முடிவு, அதன் தாமதங்களையும் இந்திய தேசிய ராணுவ வீரர்களுக்கு இழைத்த அநீதியையும் கணக்கில் எடுத்த பிறகும், சரியான முடிவே.

அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் வழிவந்த மலையகத் தமிழரில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2003இல். பறித்ததைத் திருப்பித் தர 55 ஆண்டுகள் ஆயின.